கேஸ் வாசம் வராத சிலிண்டர்: மீன் தொட்டிக்கும் சோடாவுக்கும் வீட்டில் சி.ஓ.2 வைத்திருக்கிறீர்களா? இதைப் படியுங்கள்

"அண்ணே, போன மாசம்தான் ரெண்டு கிலோ ஃபுல் பண்ணேன். அதுக்குள்ள காலி. ரெகுலேட்டர் போயிடுச்சா?"

"திரும்ப மாட்டினப்போ வாஷர் மாத்தினியா தம்பி?"

"வாஷரா? பழசையே போட்டு நல்லா டைட் பண்ணிட்டேனே!"

கொளத்தூர் வண்ண மீன் கடைப் பக்கம் போனால் இப்படி ஒரு பேச்சு உங்கள் காதிலும் விழலாம். திருநின்றவூரில் ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் கொளத்தூர் பக்கம்தான். மீனும் செடியும் தொட்டியும் வாங்கப் போகிறவர்களில் சிலர், கூடவே ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும் வாங்கிவிடுகிறார்கள். தொட்டிக்குள் செடி பச்சைப் பசேலென்று வளர அந்த கேஸ் வேண்டும்.

சிலிண்டர் சீக்கிரம் காலியாவது காசு நஷ்டம். ஆனால் போன கேஸ் எங்கே போனது என்று யோசித்தால் அது வேறு கேள்வி. மூடிய அறைக்குள் போயிருந்தால்? அந்த அறையில் ஏ.சி. போட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தால்?

யார் வீட்டிலெல்லாம் இருக்கிறது?

செடி வைத்த மீன் தொட்டிக்காரர்கள் ஒரு பக்கம். வீட்டிலேயே சோடா போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். வெளிநாடுகளில் இதே செட்டை வைத்து வீட்டில் டிராஃப்ட் பீர் பிடிக்கிறார்கள்: ஒரு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், ஒரு டியூப், முனையில் கெக் என்கிற சின்ன பீப்பாய். இங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தக் கதை நமக்கு வேண்டாம். ஆனால் கருவிகள் ஒன்றுதான். கசியும் இடங்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த கேஸ் புதிதும் இல்லை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் 'சி.ஓ.2 வெல்டிங்' என்பார்கள். வெல்டிங் நடக்கும் இடத்தைக் காற்றுப் படாமல் காக்க அங்கே இதே கேஸைத்தான் ஊதுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அது பெரிய ஷெட். காற்றோட்டம் உண்டு. நம் வீடு அப்படி இல்லை.

மூக்கு ஏன் ஏமாறுகிறது?

சமையல் கேஸ் கசிந்தால் உடனே தெரிந்துவிடும். எல்.பி.ஜி.க்குச் சொந்தமாகப் பெரிய வாசம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து 'கேஸ் வாசம் வருது, பாரு' என்று கேட்டே வளர்ந்துவிட்டோம். அதனால் 'வாசம் வரலைன்னா கசிவு இல்லை' என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது.

சி.ஓ.2-வில் இந்தக் கணக்கு அப்படியே தப்பு. இதில் நாற்றம் எதுவும் கலப்பதில்லை. நிறமும் கிடையாது. சோடா குடித்து ஏப்பம் விடும்போது மூக்கில் சுருக்கென்று ஏறுமே, அந்த உணர்வு அறையில் மூச்சு விடும்போதே வந்தால், கேஸ் ஏற்கெனவே ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, இது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. வேகமாகக் கசிந்தால் முதலில் தரையோடு தங்கும். கட்டிலுக்குக் கீழே, பள்ளமான இடத்தில், பாய் போட்டுப் படுத்திருப்பவரின் மூக்குக்குப் பக்கத்தில்.

'இது தீப்பிடிக்காதே, அப்புறம் என்ன பயம்?' என்று சிலர் கேட்கிறார்கள். தீப்பிடிக்காது என்பது உண்மை. தீயணைப்பானிலேயே இதை அடைக்கிறார்கள். ஆபத்து மூச்சில்தான் இருக்கிறது. நாம் வெளியே விட வேண்டிய கேஸ் உள்ளேயே அதிகமானால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், மூச்சு வாங்கும், தலை வலிக்கும், குழப்பம் வரும், மயக்கம் வரும்.

2011-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பூலர் என்ற ஊரின் உணவகம் ஒன்றில் குளிர்பான இயந்திரத்துக்குப் போகும் சி.ஓ.2 குழாய் சுவருக்குள்ளேயே கழன்றிருந்தது. கேஸ் கழிவறையில் சேர்ந்தது. உள்ளே மயங்கி விழுந்த மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் பிறந்தநாள் பார்ட்டி ஒன்றில், புகை எஃபெக்ட்டுக்காக நீச்சல் குளத்தில் உலர் பனிக்கட்டியைக் கொட்டினார்கள். அது உறைந்த சி.ஓ.2. மூடிய கூடத்தில் மூன்று பேர் உயிர் போனது. இரண்டு இடத்திலும் தீ பிடிக்கவில்லை.

10-க்கு 10 அறையில் ஒரு கணக்கு

பயமுறுத்தும் முன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு கிலோ சி.ஓ.2 வெளியே வந்தால் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 550 லிட்டர் கேஸாக விரியும். 2 கிலோ சிலிண்டர் என்றால் 1,100 லிட்டர். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள பெட்ரூமில் இருக்கும் காற்று சுமார் 28,300 லிட்டர்.

• 2 கிலோ முழுதும் ஒரே மூச்சில் வெளியேறினால் அறையில் சுமார் 4 சதவீதம்.
• 5 கிலோ சிலிண்டர் என்றால் சுமார் 9 முதல் 10 சதவீதம்.

வெளிக்காற்றில் இது வெறும் 0.04 சதவீதம்தான். 2025 வரை அமலில் இருந்த நம் நாட்டின் தொழிற்சாலைகள் சட்டம், 8 மணி நேர வேலைக்கு 0.5 சதவீதத்தையும், 15 நிமிடத்துக்கு 3 சதவீதத்தையும் வரம்பாக வைத்திருந்தது. 4 சதவீதம் என்பது, உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் குறித்திருக்கும் அளவு. 10 சதவீதத்தில் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம்.

இப்போது மறுபக்கம். அதே 2 கிலோ, 15 நாளில் மெல்ல மெல்லக் கசிந்தால்? ஒரு நாளைக்கு 130 கிராம் சொச்சம். நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளில் மூச்சாக விடும் சி.ஓ.2 ஏறக்குறைய ஒரு கிலோ. அதாவது அந்தக் கசிவு, அறையில் இன்னொரு ஆள் இருப்பதைவிடக் குறைவு. சாதாரணக் காற்றோட்டம் இருந்தால் மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை.

ஆக, மெல்லிய கசிவு பர்ஸைக் கடிக்கும். மூடிய அறையில் வேகமான கசிவுதான் உயிரைத் தொடும். ஆனால் இன்றைய தேய்ந்த வாஷர்தான் நாளைக்குப் பிய்த்துக்கொள்ளப் போகிற வாஷர். அதனால் சின்னதையே பிடித்துவிடுவது நல்லது.

கசிவு எங்கே வரும்?

சிலிண்டர் உடம்பில் ஓட்டை விழுவது அபூர்வம். கசிவு பெரும்பாலும் இணைப்புகளில்தான் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம். முதல் சந்தேகம் இங்கேதான். இந்த இணைப்பு மரையால் அடைபடுவதில்லை. நடுவில் இருக்கும் சின்ன வாஷர்தான் அடைக்கிறது. நைலான், ஃபைபர் வாஷர்கள் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் புதிது போடுங்கள். விலை ஒரு டீ காசுகூட வராது. இங்கே டெஃப்லான் டேப் சுற்றுவது வீண் வேலை. சுற்றினால் வாஷர் சரியாக உட்காராமல் போகவும் வாய்ப்பு உண்டு. 'இன்னும் டைட் பண்ணு' என்று ஸ்பேனரில் தொங்குவதும் வாஷரைக் கிழிக்கும்.

2. ரெகுலேட்டரின் மற்ற மரைகள். மீட்டர், சோலனாய்டு வால்வு, ஊசி வால்வு எல்லாம் மரையில் மாட்டியவை. டெஃப்லான் டேப் தேவைப்படும் மரைகள் இங்கேதான் இருக்கும். ஆனால் கம்பெனியில் மாட்டி வந்ததை நீங்களே கழற்றி மாட்டாதீர்கள்.

3. டியூப். மீன் தொட்டி ஏர் பம்புக்குப் போடும் மெத்தென்ற சிலிக்கான் டியூபைப் பலர் இதற்கும் போடுகிறார்கள். ஓட்டையே இல்லாவிட்டாலும் சிலிக்கானின் சுவர் வழியாகவே சி.ஓ.2 ஊடுருவி வெளியேறும். பாலியூரித்தேன் டியூப் கேட்டு வாங்குங்கள். முனை தளர்ந்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் செருகுங்கள்.

4. பபிள் கவுன்ட்டரும் செக் வால்வும். கவுன்ட்டர் மூடியில் ஓ-ரிங் காய்ந்திருக்கும். செக் வால்வு கெட்டால் தொட்டித் தண்ணீர் பின்னால் ஏறி ரெகுலேட்டரையே கெடுக்கும்.

5. சோடா செட்டில் பாட்டில் மூடி, கெக்கில் மேல்மூடி. இரண்டிலும் ரப்பர் ரிங்தான் காவல். விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். வெடிப்பை மறைக்க கிரீஸ் தடவுவது தீர்வல்ல.

கண்டுபிடிப்பது எப்படி?

சோப்புத் தண்ணீர்: பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, பழைய ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். கேஸைத் திறந்துவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் போதாது, அடிப்பக்கமும் வேண்டும். உடனே 'ஒண்ணும் இல்லை' என்று போய்விடாதீர்கள். சின்னக் கசிவு நுரை கட்ட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். சோலனாய்டின் மின் இணைப்பில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி சோதனை: சிலிண்டரைத் திறந்து மீட்டர் முள் ஏறியதும், ஊசி வால்வை மூடுங்கள். பிறகு சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட கேஸ் போக வழியில்லை. காலையில் முள் அதே இடத்தில் இருந்தால் நல்லது. அறை குளிர்ந்ததால் லேசாக இறங்கலாம். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் ரெகுலேட்டர் பக்கம் எங்கோ கசிகிறது.

எடை: சி.ஓ.2 விஷயத்தில் பலர் ஏமாறுவது மீட்டரைப் பார்த்துத்தான். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கும்வரை முள் அசையாது. முக்கால்வாசி காலியானாலும் 'ஃபுல்' மாதிரியே காட்டும். வெயிலுக்கு ஏறும், ஏ.சி.க்கு இறங்கும், அவ்வளவுதான். உண்மையைச் சொல்வது தராசுதான். பயணப் பை எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். வாரம் ஒருமுறை எடை போட்டு மொபைலில் குறித்து வையுங்கள். திடீரென்று அதிகமாகக் குறைந்தால் கசிவு.

ஒரு எச்சரிக்கை: தீக்குச்சி, மெழுகுவத்தி வைத்துப் பார்க்காதீர்கள். சுடர் அணையும் அளவுக்கு சி.ஓ.2 சேர்வதற்கு முன்பே உங்களுக்கு மயக்கம் வந்துவிடலாம். கசிந்தது பக்கத்து அடுப்பின் எல்.பி.ஜி.யாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அலாரம் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். கடையில் 'கேஸ் அலாரம்' என்று தருவது எல்.பி.ஜி.க்கானது. 'சி.ஓ. அலாரம்' கார்பன் மோனாக்சைடுக்கானது, அது வேறு கேஸ். இரண்டுமே சி.ஓ.2-வைக் கண்டுகொள்ளாது. சென்சார் 'என்.டி.ஐ.ஆர்.' வகை என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில கருவிகள் சி.ஓ.2-வை அளக்காமல் வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாகக் காட்டும். தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் வைப்பது நல்லது.

நம்ம ஊர் வெயில்

இதில் நமக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. சி.ஓ.2 திரவமாக இருக்க முடிவது சுமார் 31 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, சிலிண்டருக்குள் அழுத்தம் வேகமாக ஏறும். 25 டிகிரியில் 64 பார் இருக்கும் சிலிண்டர், 40 டிகிரியில் 100 பாரைத் தாண்டலாம். பைக் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். திருத்தணியில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அழுத்தம் எல்லை மீறினால் சிலிண்டர் வெடிக்காமல் இருக்க, வால்வில் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். அது கிழிந்தால் மொத்த கேஸும் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். மேலே போட்ட கணக்கில் 'ஒரே மூச்சில்' என்றோமே, அது நடக்கும் வழி இதுதான். அதனால்:

• மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலோரம், மொட்டை மாடி, பூட்டிய கார் எதிலும் சிலிண்டர் வேண்டாம்.
• அடுப்புக்குப் பக்கத்திலும், படுக்கும் தலைமாட்டிலும் வேண்டாம். காற்றோட்டமுள்ள ஹால் நல்லது.
• எப்போதும் நிமிர்த்தி வைத்து, சாயாமல் சங்கிலியோ பட்டையோ போட்டுக் கட்டுங்கள். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்து கெடுக்கும். விழுந்து வால்வு உடைந்தால் சிலிண்டர் ராக்கெட் மாதிரி பாயும்.
• சொல்கிற எடைக்கு மேல் ஒரு கிராம்கூட அதிகம் நிரப்பச் சொல்லாதீர்கள்.

வாங்கும்போதும் கொண்டுவரும்போதும்

கேஸ் சிலிண்டர் விதிகள் 2016-ன் கீழ், சிலிண்டர்களுக்கு ஒப்புதல் தருவது 'பெசோ' என்ற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும். தேதி சிலிண்டர் தோளில் பொறித்திருக்கும். தேதி தாண்டியதை, பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய தீயணைப்பானை மீன் தொட்டிக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் அடிவரை போகும் குழாய் ஒன்று இருக்கும். திரவத்தையே வெளியே தள்ளத்தான் அது. ரெகுலேட்டர் தாங்காது. பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு வீட்டிலேயே மாற்றிப் பிடிப்பதும் ஆபத்து. நிரப்புவதற்கு உரிமம் வேண்டும்.

ரீஃபில் செய்த சிலிண்டரைப் பையில் போட்டு மின்சார ரயிலில் எடுத்துவரலாம் என்று நினைக்காதீர்கள். ரயிலில் கேஸ் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. காரில் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், சிலிண்டர் உருளாமல் கட்டுங்கள், வீடு வந்ததும் முதல் வேலையாக இறக்குங்கள்.

மீன் சொல்லும் சேதி

தொட்டிக்காரர்களுக்கு இன்னொரு அலாரம் மீன்கள்தான். மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் சி.ஓ.2 அதிகம். சிலிண்டர் தீரும் நேரத்தில் சில சாதாரண ரெகுலேட்டர்களில் வெளியேறும் அழுத்தம் திடீரென்று கூடி, மிச்ச கேஸ் மொத்தமும் தொட்டிக்குள் இறங்கிவிடும். அதனால்தான் கடைசிச் சொட்டுவரை இழுக்காமல், முள் இறங்கத் தொடங்கியதுமே மாற்றச் சொல்கிறார்கள். இரவில் விளக்கணைந்த பிறகு செடிக்கு இந்த கேஸ் தேவையில்லை. டைமரில் சோலனாய்டை மூட வைத்தால் மீனுக்கும் நல்லது, காசுக்கும் நல்லது. ஊருக்குப் போகும்போது சிலிண்டர் வால்வையே மூடிவிட்டுப் போங்கள்.

கசிந்துவிட்டால்?

'உஸ்' சத்தம் கேட்டாலோ, அறைக்குள் போனதும் காரணமில்லாமல் தலை கனத்து மூச்சு வாங்கினாலோ, நின்று ஆராயாதீர்கள்.

• முதலில் எல்லோரும் வெளியே. தரையில் படுத்திருக்கும் குழந்தைகள், பெரியவர்கள், நாய், பூனை எல்லாம்.
• போகிற வழியில் கைக்கு எட்டினால் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வால்வு பக்கத்தில் இருந்தால் மட்டும் மூடுங்கள்.
• உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் அப்படியே ஓடிப்போய்த் தூக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டி விபத்துகளில் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும் விழும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். வெளியிலிருந்தே ஜன்னலைத் திறக்க முடிந்தால் திறந்துவிட்டு 101 தீயணைப்பையும் 108 ஆம்புலன்ஸையும் கூப்பிடுங்கள். மூடிய அறையில் சி.ஓ.2 கசிவு என்பதைச் சொல்லுங்கள்.
• கசிந்தது சமையல் கேஸ் என்றால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

மீன் தொட்டியோ சோடா மெஷினோ வைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வேலை முடிந்து வந்து அந்தப் பச்சையைப் பத்து நிமிடம் பார்த்தால் வரும் நிம்மதி வேறுதான். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர், ரெண்டு நிமிடம் சோப்புத் தண்ணீர், வாரம் ஒருமுறை எடை. இந்த மூன்றையும் பழக்கமாக்கிக்கொண்டால் போதும். வாசம் வரவில்லையே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.